கொட்டாவியோடு கூட வருவது என்ன?

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இன்னும் பல வீடுகளில் டிவி மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது. யாராவது காலையிலிருந்து ஓயாமல் கொட்டாவி விட்டால் அதைத் தேடி எடுத்து விரலில் மாட்டிப் பார்க்கிறார்கள். 98 காட்டுகிறது. கொஞ்ச நேரம் கழித்து 97. கொட்டாவி மட்டும் நின்றபாடில்லை. "உடம்புல ஆக்சிஜன் கொறஞ்சா கொட்டாவி வரும்" என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது.

மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. தப்பு அந்தப் பாடத்தில் இருக்கிறது. 1987இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ப்ரோவைன் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார். மாணவர்களுக்கு 100 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிக்கக் கொடுத்தார், கொட்டாவி குறையவில்லை. 3 சதவீதமும் 5 சதவீதமும் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைக் கொடுத்தார். மூச்சு வேகமானது, கொட்டாவி கூடவில்லை. இன்னும் எளிய சான்று ஸ்கேன் அறையில் இருக்கிறது. காற்றே இல்லாத பனிக்குட நீருக்குள் மிதந்தபடி கரு கொட்டாவி விடுகிறது.

ஒரு கொட்டாவி சராசரியாக 6 விநாடி நீடிக்கும். தாடை மெல்ல இறங்கி, ஒரு கட்டத்தில் நம் பிடியை விட்டுத் தானாகவே விரிகிறது. உதரவிதானம் கீழே போய் நுரையீரல் நிறைகிறது. தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து காதில் 'டக்' என்கிறது. கண் இறுக மூடுவதில் கண்ணீர் பிதுங்குகிறது. பிறகுதான் மூச்சு வெளியேறுகிறது. இவ்வளவையும் தொடங்கி வைப்பது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ். டோபமைன், ஆக்ஸிடோசின், செரோடோனின் போன்ற ரசாயனங்கள் அங்கே அதைத் தட்டி எழுப்புகின்றன. உறக்கத்திலிருந்து விழிப்புக்கு, விழிப்பிலிருந்து உறக்கத்துக்கு, சும்மா இருப்பதிலிருந்து சுறுசுறுப்புக்கு என்று மூளை ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் தருணங்களில் கொட்டாவி அதிகம் வருகிறது. சூடேறிய மூளையைக் குளிர்விக்கும் ஏற்பாடு இது என்று ஆண்ட்ரூ கேலப் 2007இல் முன்வைத்த கருத்துக்கு ஆதரவும் உண்டு, மறுப்பும் உண்டு.

நோயாளிக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான். இந்த ரசாயனங்களை அசைக்கும் எதுவும் கொட்டாவியைக் கொண்டுவரலாம். தூக்கக் குறைவு அசைக்கும், மாத்திரை அசைக்கும், தலைவலி அசைக்கும், வரப்போகும் மயக்கமும் அசைக்கும். அதனால் கொட்டாவியை மட்டும் வைத்து எந்த நோயையும் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் போனால் நோய் என்று எல்லோருக்கும் பொதுவான எண்ணிக்கையும் கிடையாது. எந்த நேரத்தில் வருகிறது, எதற்குப் பிறகு வருகிறது, கூட என்ன வருகிறது என்ற மூன்றும்தான் பேசும். இணையத்தில் "அடிக்கடி கொட்டாவியா? மாரடைப்பாக இருக்கலாம்" என்று வரும் தலைப்புகள் செய்யும் கெடுதலே இந்த மூன்றையும் மறைத்துவிடுவதுதான். நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி எதுவும் இல்லாமல் வெறும் கொட்டாவியை மாரடைப்பாக நினைத்து அஞ்ச வேண்டியதில்லை.

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தூக்கம்தான். ஆனால் "நான் எட்டு மணி நேரம் தூங்குறேனே" என்பவர்களிடம்தான் கவனமாகக் கேட்க வேண்டும். படுத்திருந்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு. பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் வரும் மந்தம் எல்லோருக்கும் உண்டு. சோற்றின் மேல் முழுப் பழியையும் போட வேண்டாம், உடம்பின் உள்கடிகாரமே அந்த நேரத்தில் சற்று இறங்கும். ஆனால் காலை பத்து மணிக்கு, நன்றாகத் தூங்கியதாக நினைக்கும் ஒருவருக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி வந்தால், முதலில் குறட்டையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ஸ்லீப் ஆப்னியாவில் தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. பத்து விநாடிக்கும் மேல் மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை அரைகுறையாக விழித்து ஒரு பெரிய உறுமலோடு மூச்சை மீட்கிறது. மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. தூங்குபவருக்கு இது எதுவும் நினைவில் இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும்: குறட்டை சட்டென்று நிற்கும், அறை நிசப்தமாகும், பிறகு 'ஹக்' என்று ஒரு திணறல். மணிக்கு இப்படி 5 முதல் 15 தடவைக்குள் நடந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் தீவிரம்.

கண்டுபிடிக்க வீட்டிலேயே செய்யக்கூடியது சில உண்டு. தலைமாட்டில் செல்போனை வைத்துக் குரல் பதிவை இரவு முழுவதும் ஓட விடுங்கள். விடிகாலையை ஒட்டிய பகுதியைக் கட்டாயம் கேளுங்கள், கனவு வரும் உறக்கம் அப்போதுதான் அதிகம், அடைப்பும் அந்த உறக்கத்தில்தான் மோசமாகும். தையல் டேப்பால் கழுத்தைச் சுற்றி அளந்து பாருங்கள், 40 செ.மீ.க்கு மேல் இருந்தால் அது ஒரு எச்சரிக்கை. பிரஷருக்கு இரண்டு மூன்று மாத்திரை போட்டும் அடங்கவில்லை, காலையில் எழுந்ததும் தலைவலி, வாய் வறண்டு போகிறது, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறார் என்றால் சந்தேகம் வலுக்கிறது. பெண்களுக்குக் குறட்டை பெரிதாக இல்லாமல் வெறும் களைப்பும் கொட்டாவியுமாகவே இது தெரியலாம். அதனால்தான் அவர்களிடம் இது தவறிப் போகிறது. குழந்தைகளில் பருத்த டான்சிலும் அடினாய்டும் பெரும்பாலும் காரணம். வாயைத் திறந்து தூங்கும் பிள்ளை வகுப்பில் கொட்டாவி விட்டால் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்லீப் ஸ்டடி என்ற உறக்கப் பரிசோதனை செய்து உறுதியானதும் பலருக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி பரிந்துரைக்கப்படும். இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். காரணம் பெரும்பாலும் மாஸ்க்தான். அளவு பெரிதாக இருந்தால் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். கசிகிறதே என்று வாரை இறுக்கினால் மூக்குத் தண்டில் புண் வரும், கசிவும் நிற்காது. படுத்த நிலையில், கருவி ஓடும்போதே வாரைச் சரி செய்ய வேண்டும். மூக்கடைப்பும் வாய் வறட்சியும் இருந்தால் ஈரப்பதம் தரும் தொட்டியைப் பயன்படுத்த வேண்டும். இரவில் 4 மணி நேரத்துக்கும் குறைவாக மாட்டிவிட்டு "கொட்டாவி இன்னும் வருது" என்றால் கருவியைக் குறை சொல்ல முடியாது. தூக்கம் நன்றாக வரட்டும் என்று மது குடிப்பதும், மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போடுவதும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு இதில் ஒரு வார்த்தை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 4 விநாடி கண் அயர்ந்தால் வண்டி ஏறக்குறைய 90 மீட்டர் ஓடியிருக்கும். ஜன்னலை இறக்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடத்துக்குத்தான். அடுத்தடுத்து கொட்டாவி வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, ஒரு ஸ்ட்ராங் காபியைக் குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். அரை மணியைத் தாண்டித் தூங்கினால் எழுந்த பிறகு தலை கனக்கும். அந்தக் கனத்தோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது.

அடுத்த பெரிய காரணம் மருந்து. மருத்துவர்களே கேட்க மறந்துவிடுவது இது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்சிட்டாலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின், டுலோக்ஸெட்டின் போன்றவை கொட்டாவியைத் தூண்டும். அடையாளம் இதுதான்: தூக்கக் கலக்கமே இருக்காது, கொட்டாவி மட்டும் வரும். தெளிவாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் விரியும். பெரும்பாலும் மருந்தைத் தொடங்கிய வாரங்களில் அல்லது டோஸைக் கூட்டிய பிறகு இது தலைகாட்டும். டுலோக்ஸெட்டின் சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கும் தரப்படுவதால், "நான் மனசுக்கு எந்த மாத்திரையும் சாப்பிடலையே" என்பவர்கள்கூட மாத்திரை அட்டையைத் திருப்பி, பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்த கையோடு மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல், பழைய நோயின் திரும்பல் என்று எல்லாம் வரிசையாக வரும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் "தூக்கக் கலக்கம் இல்லாமலே கொட்டாவி வருகிறது, இந்தத் தேதியில் டோஸ் கூட்டினீர்கள்" என்று சொன்னால் அவர் டோஸைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். சளி மாத்திரைகளில் சேரும் குளோர்ஃபெனிரமின், அலர்ஜிக்கான செட்ரிசின் ஆகியவற்றின் கதை வேறு. அவற்றால் நிஜமாகவே தூக்கம் வரும், தூக்கத்தோடு கொட்டாவியும் வரும். இரவுக்கு மாற்றினாலே பலருக்குப் போதும்.

இனி, மருத்துவர்களிடம் அடிக்கடி வரும் ஒரு புகார்: "மூச்சு உள்ளே போகுது, ஆனா நெறைய மாட்டேங்குது. ஒரு கொட்டாவி விட்டாத்தான் நெஞ்சு முழுசா ரொம்புது." பேசும்போதே தோளைத் தூக்கி, வாயைத் திறந்து, கொட்டாவியை வரவழைக்கப் பார்ப்பார்கள். சில சமயம் அது பாதியில் நின்றுவிடும். அந்த ஏமாற்றத்தில் இன்னும் இரண்டு முயற்சி. எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ எல்லாம் சுத்தம். "ஒண்ணும் இல்லை" என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒன்று இருக்கிறது. இவர்கள் காற்றுப் போதாமல் தவிப்பதில்லை, தேவைக்கு மேல் இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறி அளவு இறங்கும். அது இறங்கினால் தலை லேசாகும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பாகும், மூச்சு பற்றவில்லை என்ற உணர்வு கூடும். அதற்காக மறுபடி ஒரு பெரிய மூச்சு. மனப் பதற்றம் இருப்பவர்களுக்கு இந்தச் சக்கரம் சீக்கிரம் பற்றிக்கொள்ளும்.

இதிலிருந்து இறங்க ஒரு பயிற்சி உதவும். முதுகு சாய உட்கார்ந்து ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். வாயை மூடி, மூக்கால் 4 எண்ணும் வரை மெதுவாக இழுங்கள். வயிறு எழ வேண்டும், தோள் எழக் கூடாது. 6 எண்ணும் வரை விடுங்கள். இப்படி 5 நிமிடம், நாளுக்கு மூன்று முறை, அறிகுறி இல்லாத நேரத்திலும். நிறைய இழுக்க வேண்டும் என்ற ஆசைதான் எதிரி. வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இழுங்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு முட்டுவது போலிருக்கும், அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் தணியும். சித்த மருத்துவம் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் கொட்டாவியையும் சேர்த்திருக்கிறது. தானாக வரும் கொட்டாவிக்கு அது சரியான அறிவுரை. வலிய வரவழைக்கும் கொட்டாவியை மட்டும் விட்டுவிடுங்கள். படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், இளைப்பு, ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழ் என்று ஏதேனும் இருந்தால் இந்தப் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரத்தசோகையும் தைராய்டு குறைவும் களைப்பின் வழியாகக் கொட்டாவியைக் கொண்டுவருகின்றன. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழும், கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழும், ஆண்களுக்கு 13க்குக் கீழும் போனால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம் என்பதால் ஃபெரிட்டினையும் பார்ப்பது நல்லது. இரும்பு மாத்திரையை டீ, காபியோடு சேர்த்து விழுங்கினால் பெரும்பகுதி உடம்பில் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்தாமல், சேமிப்பு நிறைய மேலும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை போதும். குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல், முடி உதிர்வு கூட இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளிடம் கொட்டாவிக்குத் தனி மரியாதை கொடுக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், சாப்பாடு தள்ளிப்போன நேரத்தில் கொட்டாவி, வியர்வை, நடுக்கம், சிடுசிடுப்பு வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழ் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை, ஏறியதும் சாப்பாடு. சாக்லேட் கொடுக்காதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். பிரஷருக்கோ இதயத்துக்கோ ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம்; பெரும்பாலும் வியர்வைதான் மிச்சமிருக்கும் அடையாளம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மயக்கத்துக்கு முன்னும் கொட்டாவி வரும். கோயில் வரிசையில் மணிக்கணக்காக நிற்கும்போது, பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில், ரத்தம் எடுக்க ஊசியைப் பார்த்ததும், ஒருவர் முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, குமட்டலோடு கொட்டாவி விடத் தொடங்கினால் அடுத்து அவர் விழப்போகிறார். தாங்கிப் பிடித்து நிமிர்த்தி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மூளைக்கு ரத்தம் போக வேண்டுமென்றால் அவர் படுக்க வேண்டும், கால் உயர வேண்டும். படுக்க இடமில்லை என்றால் காலைக் கத்தரிபோல் குறுக்கே போட்டுத் தொடையையும் பின்புறத்தையும் இறுக்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் கோத்து வெளிப்பக்கம் இழுப்பதும் உதவும்.

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குக் கொட்டாவி முன்கூட்டியே வரும் தகவல். வலி தொடங்குவதற்கு சில மணி நேரம் முன்பிருந்து இரண்டு நாள் முன்பு வரைகூட அடுக்கடுக்காகக் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பின் மேல் தீராத ஆசை வரலாம். "சாக்லேட் சாப்பிட்டேன், தலைவலி வந்துடுச்சு" என்பவர்களில் பலருக்கு அந்த ஆசையே தலைவலியின் முதல் கட்டம்தான். அந்த நாளில் வேளைக்குச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, நேரத்துக்குப் படுத்து, மாத்திரையைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டால் வலியின் வீச்சைக் குறைக்க முடியும்.

அரிதாக, மூளையிலேயே கோளாறு இருக்கும். நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நோய் உள்ளவர்களுக்கு உடம்பு சூடேறும்போது கொட்டாவி கூடலாம். பக்கவாதத்தின் தொடக்கத்திலும் தொடர் கொட்டாவி வரலாம். ஆனால் அங்கே வாய் கோணல், ஒரு கை தளர்வு, பேச்சுக் குழறல் போன்றவை கூட இருக்கும். அப்போது 108ஐ அழையுங்கள், கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் அவகாசம். பக்கவாதம் வந்தவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலருக்கு விளங்காத கை, கொட்டாவி விடும்போது மட்டும் தானாக மேலே எழும். முடிந்ததும் தொப்பென்று விழும். பிரெஞ்சு மருத்துவர் ஒலிவியே வலூசின்ஸ்கி 2005இல் இதற்குத் தனிப் பெயரே வைத்தார். "கை வந்துடுச்சு!" என்று வீடே மகிழ்ந்து, பிறகு நொந்துபோகிறது. நாம் விரும்பி அசைக்கும் நரம்புப் பாதை வேறு, கொட்டாவி அசைக்கும் பாதை வேறு. அந்த எழுச்சியைக் குணமாகிவிட்டதாக எண்ணி பிசியோதெரபியை நிறுத்திவிடக் கூடாது.

வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் போல் வேலை செய்யும்) வலி மாத்திரைகளுக்குப் பழகிவிட்டவர்களுக்கு அது கிடைக்காத நாளில் கொட்டாவி மேல் கொட்டாவியாக வரும். மூக்கும் கண்ணும் ஒழுகும், மயிர்க்கூச்செறியும், வயிற்றுப்போக்கும் உடம்பு வலியும் வரும். சளிக்காய்ச்சல் என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதே 'சளி' வந்து ஒரே நாளில் மாயமாகிறது என்றால் அடிக்காமல், திட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்; சிகிச்சையும் இருக்கிறது.

டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். கொட்டாவி அடுக்காக வந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அதற்கு முன் சாப்பிட்டதும் குடித்ததும், போட்ட மாத்திரை, தூக்கம் வந்ததா இல்லையா, கூட என்ன இருந்தது. "தூக்கம் வந்ததா" என்ற அந்த ஒரு கேள்வியே பாதி வழியைக் காட்டிவிடும். ஆம் என்றால் இரவை ஆராய வேண்டும்; இல்லை என்றால் மருந்தையும், மூச்சையும், தலைவலியையும். காபியை அந்த வாரம் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வரும் சோர்வும் தலைவலியும் கணக்கையே குழப்பிவிடும்.

அடிக்கடி கொட்டாவி விடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை தாடை. அகல விரித்த தாடையின் மூட்டு முன்னால் நழுவி, வாய் மூடாமல் அப்படியே நின்றுவிடும். எச்சில் வழியும், பேச்சு வராது, பார்ப்பவர்கள் பதறுவார்கள். வீட்டில் யாரும் தாடையை அமுக்கிப் பார்க்க வேண்டாம். எலும்பு முறியலாம், தசை சட்டென்று இறுகும்போது விரலும் கடிபடலாம். மருத்துவர் கீழ்க் கடைவாய்ப் பற்களில் கட்டைவிரலை வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளி மூட்டை உட்கார வைப்பார். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு எளிது, நேரமானால் தசை பிடித்துக்கொள்ளும். ஒருமுறை நழுவியவருக்கு மறுபடி நழுவ வாய்ப்பு அதிகம். கொட்டாவி வரும்போது முஷ்டியைத் தாடைக்குக் கீழே கொடுத்து, முகவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்திக்கொண்டால் வாய் அளவுக்கு மேல் விரியாது. முதல் சில வாரங்கள் இட்லி, குழைந்த சாதம் போன்றவையே போதும். கரும்பு கடிப்பதையும் பெரிய ஆப்பிளை அப்படியே கடிப்பதையும் தள்ளி வையுங்கள்.